ஞாயிறு காலை ஒரு மணி நேரம்: கொங்கு வட்டார உள்ளூர் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் உள்ளூர் சேனல் நடத்தும் கேபிள் ஆபரேட்டர்களுக்கு,

வணக்கமுங்க.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து 11 மணி வரை உங்கள் சேனலில் பழைய காமெடி சீனும் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடுகிற நேரத்தை எங்களுக்குக் கொடுங்கள். வீட்டில் எட்டாவது படிக்கிற பிள்ளை, பனியன் கம்பெனிக்குப் போகிற அப்பா, அம்மா, அப்பத்தா எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி அறிவு சார்ந்த நிகழ்ச்சி ஒன்றை அந்த நேரத்தில் கொண்டுவர முடியும். எப்படி எடுப்பது, எதில் சொதப்பும், என்ன செலவு பிடிக்கும் என்பதை எழுதத்தான் இந்த மடல். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் பள்ளியில் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்துகிறவர்கள். மீதிப்பேர் கல்யாண வீடியோ எடுத்து எடிட்டிங் செய்கிறவர்கள்.

"கல்வித் தொலைக்காட்சிதான் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல விஷயம். 2019 ஆகஸ்ட் 26 அன்று அரசு அதைத் தொடங்கியது. அடுத்த வருஷமே பள்ளிகளைப் பூட்ட வேண்டி வந்தபோது அது எவ்வளவு உதவியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாடத்திட்டத்தை நடத்துவதுதான் அதன் வேலை. பத்தாவது கணக்கு ஓடும்போது பத்தாவது பிள்ளை பார்க்கும், அதுவும் பரீட்சை நெருங்கினால். மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒரு வகுப்புக்கு எடுத்த பாடத்தை ஒரு குடும்பம் பார்க்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. குடும்பத்துக்கு வேண்டியது வேறு சரக்கு. அதைச் சென்னையில் உட்கார்ந்து எல்லா ஜில்லாவுக்கும் பொதுவாகச் செய்ய முடியாது. உங்களால் முடியும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. குஜராத்தில் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற ஊரில் 1975இல் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து, அகமதாபாத் இஸ்ரோ மையத்துக்காரர்கள் அந்த ஒரு மாவட்டத்துக்கு மட்டும் நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்த வட்டாரப் பேச்சில், அந்த ஊர்க்காரர்களையே பேசவும் நடிக்கவும் வைத்து எடுத்தார்கள். 1984இல் யுனெஸ்கோ அதற்குப் பரிசு கொடுத்தது. அன்றைக்கு அவர்களிடம் இருந்த கேமராவையும் எடிட்டிங் வசதியையும்விட இன்றைக்கு உங்கள் கன்ட்ரோல் ரூமில் இருப்பது எத்தனையோ மடங்கு மேல்.

எங்கள் கணக்கில் குடும்ப நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. வீட்டில் ஒவ்வொருவருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதியாவது அதில் தெரிந்திருக்க வேண்டும். அப்பத்தாவுக்குத் தெரிந்தது ஒன்று, அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்று, பிள்ளையின் பாடப் புத்தகத்தில் இருப்பது ஒன்று. மூன்றும் ஒரே பொருளில் வந்து சேர்ந்தால் டிவி முன்னால் பேச்சு கிளம்பும். பேச்சு கிளம்பினால் ரிமோட்டை யாரும் தொடமாட்டார்கள். கொங்கு நாட்டில் அப்படிப்பட்ட பொருளுக்குப் பஞ்சமே இல்லை. மூன்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம்.

முதலாவது மஞ்சள். ஈரோட்டுச் சந்தை, விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள், வேகவைக்கிற கொப்பரை, காயப்போடுகிற களம், பாலீஷ் போடுகிற டிரம் எல்லாம் காட்டலாம். ஆனால் நிகழ்ச்சியின் உயிர் அதில் இல்லை, ஆரத்தித் தட்டில் இருக்கிறது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். ஏன் சிவக்கிறது என்பது பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் இயற்கை நிறங்காட்டி என்ற பெயரில் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் சிவப்பாகும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், மிளகளவு சுண்ணாம்பு போதும். சிவந்த பிறகு அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பழைய நிறம் திரும்பும். இந்தத் திரும்புகிற இடம்தான் அப்பத்தாவுக்கும் புதுசு. துணிக்கறை சங்கதியையும் சேர்த்துக்கொள்ளலாம். குழம்பு சிந்திய வெள்ளை வேட்டியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பதும், அலசினதும் மறுபடி மஞ்சளாவதும் அதே கணக்குத்தான். வேட்டியை வெயிலில் போட்டால் கறை வெளுக்கும், வெளிச்சத்தில் குர்குமின் சிதையும்.

இதைப் படம் எடுக்கும்போது கேமரா காலை வாரிவிடும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால், டம்ளர் சிவக்கச் சிவக்கக் கேமரா தானாக நிறத்தைச் சரிக்கட்டும். கண்ணுக்கு ரத்தச் சிவப்பாகத் தெரிவது திரையில் மங்கல் பழுப்பாக வரும். அதனால் வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள், எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பின்னால் வெள்ளை அட்டை வையுங்கள். சிவப்புச் சேலையோ சிவப்புத் திரைச்சீலையோ பின்னால் வந்தால் பழைய குழாய் டிவியில் இரண்டும் ஒன்றோடொன்று வழிந்து போகும்.

இரண்டாவது காளிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் வெட்டியது. பவானியில் அணை கட்டித் திருப்பி, நொய்யலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுமார் 90 கிலோமீட்டர் நீளம். நேர்கோட்டில் அளந்தால் தூரம் அதைவிட வெகு குறைவு. ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று கேட்டால், பாம்பு போன தடத்திலேயே வெட்டினார் என்ற கதையை அப்பத்தா சொல்வார். அந்தக் கதையை நிகழ்ச்சியில் கேலி செய்யக் கூடாது. முழுசாகச் சொல்லவிட்டு, அப்புறம் கொத்தனாரின் டியூப் லெவலை எடுங்கள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற 15 மீட்டர் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் பிடித்து, மேட்டுச் சரிவில் ஒரே மட்டத்தில் இருக்கிற இடங்களுக்கு மட்டும் முளையடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து முளை அடித்ததும் கயிறு கட்டி மேலிருந்து படமெடுத்தால் முளைகள் பாம்பு மாதிரி நெளிந்து நிற்கும். தண்ணீர் மெல்லத் தானாக ஓட வேண்டுமென்றால் வாய்க்கால் ஏறக்குறைய ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும், மேடு வந்தால் சுற்றத்தான் வேண்டும். கட்டிட வேலைக்குப் போகிற அப்பாவுக்கு டியூபைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிடும். அவர் சொல்லட்டும் என்று பத்து நொடி இடம் விடுங்கள்.

டியூபில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் மட்டம் தப்பும். தண்ணீரை வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்புங்கள், குழாயில் சொருகி அடித்து நிரப்பாதீர்கள். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலக்கினால் கேமராவுக்குத் தெரியும். வெயிலில் கிடந்த டியூப் ஒரு பக்கம் சூடாகி இருந்தாலும் மட்டம் கொஞ்சம் ஏமாற்றும், ஆகவே வெயிலேறும் முன் எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, கிணற்று மோட்டார். பம்புசெட்டுக்குப் பேர் போன கோயமுத்தூரைச் சுற்றி இருந்துகொண்டு இதை எடுக்காமல் விட்டால் கேவலம். கேள்வி இதுதான்: தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போக மோட்டாரை ஏன் கிணற்றுக்குள்ளே திட்டு கட்டி இறக்கினார்கள்? மேலேயே வைத்துக் குழாயை நீட்டினால் ஆகாதா? ஆகாது. மேலிருக்கிற பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தூக்கும். கோவை 400 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், அதோடு தண்ணீர் ஆவியையும் கழிக்க வேண்டும். இங்கே ஒன்பதரை மீட்டர்தான் எல்லை. ஃபுட் வால்வு, பெண்டு, குழாய் உராய்வு எல்லாம் தின்றது போக ஏழு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது.

இதைப் படம் போட்டு விளக்கினால் பாடமாகிவிடும். செய்து காட்டினால் தெருவே கூடும். மூன்று மாடிக் கட்டிடமும் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்கும் இருக்கிற இடமாகப் பாருங்கள். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற 12 மீட்டர் ஹோஸ் வேண்டும். சாதா ஹோஸ் வாங்காதீர்கள், மேல்பகுதி உள்ளே சப்பிப் போய் எல்லாம் வீணாகும். உள்ளே நூல் பின்னிய பிவிசி ஹோஸ்தான் தாங்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலர் போட்டு ஹோஸ் முழுக்க நிரப்பி, மேல்முனையை அடைப்பு போட்டுக் கிளிப் இறுக்கி, கீழ்முனையைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தியபடியே கயிறு கட்டி மேல்முனையைத் தூக்குங்கள். முப்பது அடி வரைக்கும் ஹோஸ் நிறையத் தண்ணீர் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் தண்ணீர் ஏறாது, மேலே காலி இடம் விழும், குமிழ் கொப்புளித்துக் கொதிக்கிற மாதிரி தெரியும். காய்ச்சாத தண்ணீர் என்றால் கரைந்திருக்கிற காற்று கிளம்பி மட்டம் இன்னும் கீழே இறங்கிவிடும், கணக்கு ஒத்துவராது. சுவரில் அடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள். மேலே நிற்கிற ஆளுக்கு இடுப்பில் கயிறு கட்டாமல் இந்தக் காட்சியை எடுக்கவே கூடாது. முடிவில், சப்மெர்சிபிள் ஏன் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது, கம்ப்ரசர் வைத்த போர்வெல்லில் காற்று எப்படித் தண்ணீரைத் தூக்குகிறது என்று கேள்வி மட்டும் போட்டுவிட்டு அடுத்த வாரத்துக்கு நிறுத்துங்கள். தோட்டத்து வீடுகளில் அந்த ஒரு வாரம் முழுக்க இதே பேச்சாக இருக்கும்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறேழு மாதத்தில் வெள்ளை, மயிலை என்று மாறுவது, கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பல்லடம், உடுமலைக் காற்றாலைகளும், கொடுமணலில் கிடைத்த கல்மணிகளும் தமிழி எழுத்துப் பானை ஓடுகளும், பவானி ஜமக்காளத்துக்குக் குழித்தறி ஏன் என்பது, கோவைக் கரும்பு நிலையத்தில் 1912 முதல் ஒட்டுக் கரும்பு உருவான விதம் என்று ஒரு வருஷத்துக்கு வேண்டியது இருக்கிறது. இவற்றைப் பருவத்தோடு ஓட்ட வேண்டும். காற்றாலையை ஆடியில் போடுங்கள், மாட்டை சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தை நேரத்தில் போடுங்கள். மார்கழியில் ஆடிக்காற்றைக் காட்டினால் ஜன்னலைத் திறந்து பார்க்க ஒன்றும் இருக்காது.

இனி நேரம். ஏன் ஞாயிறு காலை 10 மணி? வார நாளில் ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை சீரியலோடு மோதி ஜெயிக்க முடியாது, மோதவும் வேண்டாம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் வீடு சேர ஒன்பதாகும். மில் ஷிப்டும் தறி ஷிப்டும் வீட்டுக்கு வீடு மாறும். ஞாயிறு பத்து மணிக்குக் கறி எடுக்கப் போனவர் திரும்பியிருப்பார், குழம்பு அடுப்பில் இருக்கும், பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்காது. மறு ஒளிபரப்பு, சீரியல் முடிந்த பிறகு புதன் ராத்திரி பத்து மணிக்கு இருக்கட்டும். மறு ஒளிபரப்பை வார நாள் பகலில் வைக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகிற நாளில் ஊர் முழுக்க விட்டுப்போகும். இன்னொன்று, சேனல் நம்பரை மாற்றாதீர்கள். அப்பத்தாவுக்கு மூன்று இலக்கம் மனப்பாடம் ஆக ஒரு மாதம் ஆகும்.

ஒரு மணி நேரமும் புதுசாக எடுக்கத் தேவையில்லை. 22 நிமிடம் புது நிகழ்ச்சி, அதை ஏறக்குறைய ஏழேழு நிமிடமாக மூன்று துண்டு. நடுவில் விளம்பரம். அதன்பிறகு போன வார நிகழ்ச்சி மறுபடி. கடைசிப் பத்து நிமிடம் போன வாரக் கேள்விக்கு வீடுகளிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பதில். போனதையே திரும்பப் போட்டால் ஆள் பார்க்கமாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டாம் தடவைதான் ரசித்துப் பார்க்கும், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கத்தும். பெரியவர்கள் முதல் தடவை குழம்பைக் கிளறப் போனபோது விட்ட துண்டைப் பார்ப்பார்கள்.

படம் எடுப்பதில் வழக்கமாக நடக்கிற கோளாறுகளைச் சொல்லிவிடுகிறோம். செல்போனில் எடுக்கலாம், தாராளமாக. ஆனால் போன் தானாக நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், நம் ஒளிபரப்பு 25. மாற்றும்போது அசைவு விட்டுவிட்டுத் துள்ளும். எடுக்கும்போதே 25 வைத்துவிடுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அது தெரியாது, 1/60இல் விட்டால் படத்தில் கருப்புப் பட்டை ஏறி இறங்கும். விசைத்தறியில் நூல் கொண்டுபோகிற நாடா பாய்வதைக் காட்ட வேண்டுமென்றால் 240 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டுங்கள், ஏறக்குறைய பத்து மடங்கு மெதுவாகும். அதற்கு டியூப்லைட் வெளிச்சம் உதவாது, மினுக்கல் முழுசாக மாட்டிக்கொள்ளும். தறிக்கொட்டகை வாசல் ஓரத்துத் தறியாகப் பார்த்து, லைட்டை அணைத்துவிட்டு உச்சிவெயில் வெளிச்சத்தில் எடுங்கள். நாடா, பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) மூன்றும் அப்போதுதான் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். இருபது வருஷம் தறி ஓட்டினவர்களுக்கே அது புதுக் காட்சி.

தறிக்கொட்டகைக்குள் பேட்டி எடுக்காதீர்கள். காலர் மைக் போட்டாலும் பயனில்லை. தறிச் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் தனியாகப் பதிந்துகொண்டு, பேச்சை வேப்பமரத்தடியில் எடுத்து, எடிட்டிங்கில் சத்தத்தை அடியில் மெலிசாக விடுங்கள்.

குடும்பம் கலைவது பெரும்பாலும் ஒலியால்தான். நிகழ்ச்சியில் பேச்சு மெதுவாக இருக்கும், விளம்பரம் வந்ததும் நகைக்கடைப் பாட்டு காதைக் கிழிக்கும், அப்பாரு ரிமோட்டை எடுப்பார், அவ்வளவுதான், போனது போனதுதான். நிகழ்ச்சி, விளம்பரம், சேனல் லோகோ இசை எல்லாவற்றையும் -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்குச் சமப்படுத்துங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று இருக்கிறது, ஒரு கிளிக் வேலை. பின்னணி இசையைப் பேச்சுக்குக் கீழே 20 டெசிபல் தள்ளி வையுங்கள். எடிட்டர்களுக்கு அது காலி மாதிரி தோன்றும், இசையை ஏற்றச் சொல்லிக் கை பரபரக்கும். காது மந்தமானவர்களுக்கு இசையும் பேச்சும் ஒன்றாகக் குழம்பிவிடும் என்பதால் ஏற்ற வேண்டாம்.

எழுத்து. செட்டாப் பாக்ஸில் இன்னமும் 576 வரிப் படம்தான் பல வீடுகளுக்குப் போகிறது. திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்த எழுத்து, அதாவது 28 வரிக்கும் கீழே இருப்பது, எட்டடி தள்ளி உட்கார்ந்தவருக்குப் புள்ளியாகத்தான் தெரியும். கு, கூ, மு, மூ என்ற வளைவுகள் அடைந்து போகாத தடித்த எழுத்துருவாக எடுங்கள். நாலு ஓரத்திலும் ஐந்து சதவீத இடத்தில் எதையும் வைக்காதீர்கள், பழைய டிவிப் பெட்டி அதை விழுங்கிவிடும். பழைய 4:3 படத்தை 16:9 ஆக இழுத்துப் போடுகிற பழக்கத்தை இந்த ஒரு மணி நேரத்துக்காவது விட்டுவிடுங்கள். வட்டம் முட்டையாகிவிட்டால் அறிவியல் சொல்லி என்ன பிரயோஜனம்?

கீழே ஓடுகிற எழுத்து விளம்பரத்தை இந்த நேரத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்பது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். ஆனால் அந்த இடம் வேறொன்றுக்கு வேண்டும். பேசுவதை அப்படியே தமிழில் எழுத்தாக ஓட்ட வேண்டும். அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி 1996இல் யோசித்து, 1999இல் குஜராத்தி தூர்தர்ஷனில் திரைப்பாட்டு நிகழ்ச்சியில் தொடங்கிய முறை இது. கேட்கிற மொழியையே எழுத்தாகவும் காட்டினால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே படித்துப் பழகுவார்கள். மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கும், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாயிக்கும் ஒரே மருந்து. திருப்பூரில் வாடகை லைனில் குடியிருக்கிற ஒடிசா, பீகார்த் தொழிலாளிகளும் தமிழ் பிடித்துக்கொள்வார்கள். வரிக்கு 25 எழுத்துக்குள், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், எந்த வரியும் இரண்டு நொடிக்குக் குறைந்து நிற்கக் கூடாது. போன் தானாகத் தட்டித் தருகிற எழுத்தை அப்படியே போடாதீர்கள். கொங்குப் பேச்சைக் கேட்டு அது என்னத்தையாவது எழுதி வைக்கும்.

பேச்சு நம்ம ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். அதற்காகச் சினிமாக் காமெடி மாதிரி வார்த்தைக்கு வார்த்தை "ஏனுங்க" போட்டு இழுக்க வேண்டாம், கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். பேசுகிறவர் வீட்டில் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினால் போதும். தொகுப்பாளர் கையைத் தட்டிக்கொண்டு குதிக்கவும் வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு எட்டு நொடி சும்மா இருக்கத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். அந்த எட்டு நொடியில் வீட்டில் நாலு பேர் பதில் சொல்லியிருப்பார்கள். டிவிக்காரர்களுக்கு மௌனம் என்றாலே பயம், கேபிள் அறுந்துவிட்டதென்று போன் வருமோ என்று. திரையில் கேள்வியைப் பெரிய எழுத்தில் வைத்துவிட்டால் யாரும் போன் செய்யமாட்டார்கள்.

ஓடவிடுவதற்கு முன் நாலு வீட்டில் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 1969இல் செசமி ஸ்ட்ரீட் தொடங்கினபோது, டிவிக்குப் பக்கத்தில் ஸ்லைடு படம் ஒன்றை மாற்றி மாற்றிக் காட்டி, குழந்தை எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்தார்கள். அந்த இடத்தை வெட்டினார்கள். நமக்கு ஸ்லைடு வேண்டாம், வீட்டில் செல்போன் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து, பத்து நொடிக்கு ஒரு தடவை எத்தனை பேர் கண் திரையில் இருக்கிறது என்று கோடு போடுங்கள். 22 நிமிடத்துக்கு 132 கோடு. தொடர்ந்து மூன்று கோட்டில் பாதிப்பேருக்கு மேல் கண் வேறெங்கோ இருந்தால் அந்த அரை நிமிடத்தை வெட்டுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில், நிகழ்ச்சியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் குறியுங்கள். எங்கள் அபிப்பிராயத்தில் இரண்டாவது கட்டம்தான் முக்கியம். முறுக்குப் பிழிந்துகொண்டே, திரையைப் பார்க்காமல், "அது அப்படி இல்லை, நாங்க வேற மாதிரி செய்வோம்" என்று அம்மாயி சொன்னால் அந்த நிகழ்ச்சி தேறிவிட்டது.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. யூடியூபில் கிடைக்கிற அறிவியல் வீடியோவை இறக்கி ஓட்டுவது திருட்டுத்தான், படிப்புக்காக என்று சொன்னாலும். வகுப்பறையில் ஆசிரியர் காட்டுவதற்கு இருக்கிற சலுகை கேபிளில் ஓட்டுவதற்கு இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதை உரியவர் பெயர் போட்டு ஓட்டலாம். ஆனால் வணிகப் பயன்பாடு கூடாது என்று எழுதியிருந்தால் விளம்பரம் வாங்குகிற சேனலுக்கு அது ஆகாது. நாசாவின் பெரும்பாலான படங்களையும் வீடியோக்களையும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், கிரகணம் வருகிற மாதங்களில் கை கொடுக்கும். அரசுத் துறை வீடியோ வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று 2022 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. எப்படியும் சேமிக்கத்தான் போகிறீர்கள், ஊர்ப் பள்ளிக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

விளம்பரதாரர் கிடைப்பார். மஞ்சள் மண்டி, உரக்கடை, ஸ்டேஷனரிக் கடை, பம்பு ஸ்பேர் கடை, பேக்கரி எல்லாம் உங்கள் கையில் இருக்கிற ஆட்கள்தான். இரண்டு இடைவேளை, தலா ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் கூடாது. பம்பு நிகழ்ச்சிக்குப் பம்புக் கம்பெனியிடம் காசு வாங்காதீர்கள். வாங்கினால் அவருடைய பம்புதான் திரையில் வரவேண்டும் என்பார், அப்புறம் நிகழ்ச்சியே விளம்பரமாகிவிடும். பம்புக்காரரை மஞ்சள் நிகழ்ச்சிக்கும், மண்டிக்காரரைப் பம்பு நிகழ்ச்சிக்கும் மாற்றிப் போடுங்கள்.

மஞ்சள், வாய்க்கால், மோட்டார் மூன்றுக்கும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறோம். எடிட்டிங்குக்கும் கூலி கேட்கவில்லை. உங்கள் பங்குக்கு வேண்டியது ஒரு கேமராமேன் இரண்டு நாள், ஒரு டெம்போ, அந்த ஒரு மணி நேரம். மஞ்சள் வெட்டு தையில் தொடங்கி மாசி, பங்குனி வரைக்கும்தான். கொப்பரை அடுப்பேறுகிற நாளைத் தோட்டத்துக்காரர் முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வார், ஆகவே கேமராமேன் தை மாதம் முழுக்கக் கூப்பிட்டதும் வருகிற மாதிரி இருக்க வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் சம்மதம் சொன்னீர்களானால் மாசியில் முதல் ஞாயிறு ஓட்டிவிடலாம். அதற்குப் பிந்தினால் மஞ்சளை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு மோட்டாரில் ஆரம்பிப்போம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள், வீடியோகிராபர்கள் சிலர்